மஞ்சள் அட்டையும் மத்தாப்பும்

திருப்பூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பிசிறு வெட்டும் வீடு ஒன்று கண்ணில் படும். கம்பெனியில் தைத்து முடித்த துணிகள் மூட்டையாக வீட்டுக்கு வந்து இறங்கும். பெண்கள் வாசலில் உட்கார்ந்து, தையல் ஓரங்களில் தொங்கும் நூல்களைச் சின்னக் கத்தரியால் வெட்டி, மடித்து, எண்ணிக் கட்டித் திருப்பி அனுப்புவார்கள். பீசுக்கு இத்தனை பைசா என்று கூலி. என் அத்தை அப்படிப் பல ஆண்டுகள் பிசிறு வெட்டியவர். தீபாவளி நெருங்கிய ஒரு மாலையில், மடியில் அமெரிக்காவுக்குப் போகும் குழந்தைகளின் இரவு உடை ஒன்றை வைத்துக்கொண்டு, கழுத்தின் உட்பக்கம் இருந்த லேபிளை என்னிடம் காட்டினார்.

"ஏங்கண்ணு, சைஸ் போட்டிருக்கறது தெரியுது. அதுக்குக் கீழ என்னமோ எழுதியிருக்குதே, என்னன்னு படிச்சுச் சொல்லு."

படித்தேன். உடலோடு ஒட்டினாற்போல் அணியவும், இது தீயைத் தடுக்கும் துணி அல்ல என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. அத்தை தலையாட்டிவிட்டு அடுத்த பீசை எடுத்தார். அவருக்குப் பின்னால் சுவர் ஆணியில், பேத்திக்குத் தீபாவளிக்கு எடுத்த கவுன் தொங்கிக்கொண்டிருந்தது. ரோஜா நிறத்தில் வலைத்துணி, அதற்குள் விறைப்பான கேன்கேன், அதற்குள் வழவழப்பான லைனிங் என்று அடுக்கடுக்காகக் குடைபோல் விரிந்திருந்தது. அந்தக் கவுனின் கழுத்திலும் லேபிளைத் தேடிப் பார்த்தேன். சைஸ் மட்டும்தான் இருந்தது.

அந்த ஒரு வரி ஏன் அங்கே இருக்கிறது என்று தேடப் போனபோதுதான், துணியும் தீயும் சந்திக்கும் இடத்தில் எவ்வளவு அறிவியல் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அமெரிக்கக் குழந்தைக்கான எச்சரிக்கையைத் தன் கையாலேயே தைத்து அனுப்பும் இந்த ஊர், தன் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லியாக வேண்டும்.

அந்த வரிக்கு ஒரு நீண்ட கதை உண்டு. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ரேயான் துணியை மேற்பரப்பில் உரசிப் பஞ்சுபோல் எழுப்பிய ஸ்வெட்டர்கள் விற்பனைக்கு வந்தன. சிகரெட் நெருப்பு பட்டாலே தீப்பந்தம்போல் எரிந்து பலரைப் பலி கொண்டதால், 1953இல் எளிதில் தீப்பற்றும் துணிகளுக்கு எதிராக அங்கே சட்டம் வந்தது. 1971இல் குழந்தைகளின் இரவு உடைக்குத் தனி விதி வகுத்தார்கள். துணியில் தீ வைத்தால் அது தானாக அணைய வேண்டும் என்பது சோதனை. பஞ்சுத் துணி இயல்பாக அந்தச் சோதனையில் தேறாது. பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழைத் துணியிலும் மருந்து ஏற்றினார்கள். டிரிஸ் என்ற மருந்து அப்போது பரவலாகப் பயன்பட்டது. 1977இல் புரூஸ் ஏம்ஸ், ஆர்லீன் புளும் என்ற இரு விஞ்ஞானிகள் அது மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் குழந்தைகளின் உடையில் அதைத் தடை செய்தார்கள். குழந்தையைத் தீயிலிருந்து காக்க வந்த மருந்தே குழந்தையின் உடலுக்குள் இறங்கும் அபாயம் தெரிந்துபோயிற்று.

இதற்கு 1996இல் கண்ட விடை எனக்குப் பெரும் வியப்பைத் தந்தது. மருந்தே இல்லாத சாதாரணப் பஞ்சுத் துணியாக இருக்கலாம், ஆனால் உடை உடலை ஒட்டி இருக்க வேண்டும் என்றார்கள். மார்பு, இடுப்பு, தொடை, மணிக்கட்டு, கணுக்கால் என ஒவ்வோர் இடத்திலும் இத்தனை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது என்று சைஸ்வாரியாக அளவு வகுத்தார்கள். வேதியியல் தோற்ற இடத்தில் டெய்லரின் டேப் வென்றது. 2000ஆம் ஆண்டிலிருந்து அப்படிப்பட்ட உடைகளில் மஞ்சள் நிற அட்டை ஒன்று தொங்க வேண்டும் என்பதும் கட்டாயமானது. குழந்தையின் பாதுகாப்புக்காக உடை ஒட்டினாற்போல் இருக்கட்டும், தளர்வான உடை தீப்பற்ற வாய்ப்பு அதிகம் என்று அந்த அட்டை சொல்லும். திருப்பூரில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த பலரின் கை வழியாக அந்த மஞ்சள் அட்டை போயிருக்கும்.

அதே துணி, அதே நூல், அதே சாயம். தளர்வாக இருந்தால் ஆபத்து, ஒட்டி இருந்தால் ஆபத்து குறைவு. எப்படி?

தீக்குச்சியைப் பற்றவைத்து, மருந்து முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்தால் தீ மெல்ல இறங்கும், சில நேரம் தானே அணைந்தும் போகும். முனையைக் கீழே சாய்த்தால் தீ விறுவிறுவென்று குச்சியில் ஏறி விரலைச் சுடும். சுடுகாற்று எப்போதும் மேலேதான் போகும். கீழே பற்றிய தீ, தனக்கு மேலே இருக்கும் பகுதியை முன்கூட்டியே சூடாக்கித் தயார் செய்துவிடுகிறது. நின்றுகொண்டிருக்கும் குழந்தையின் கவுன் ஓரத்தில் பற்றும் தீக்கு, முகம் வரைக்கும் அப்படித் தயாரான பாதை ஒன்று கிடைக்கிறது. அகன்ற பாவாடை இன்னொரு வகையிலும் தீக்குத் துணை போகிறது. உள்ளே இருக்கும் வெற்றிடம் புகைபோக்கிபோல் வேலை செய்து, கீழிருந்து காற்றை இழுத்து மேலே தள்ளும். துணியின் இரு பக்கமும் ஆக்சிஜன் கிடைக்கும். கேன்கேன் வைத்த கவுனில் இப்படிப் பல அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே காற்று.

உடலை ஒட்டிய பனியனில் நிலைமை வேறு. உள்பக்கம் காற்று இல்லை. பின்னால் இருப்பது தோலும் அதனடியில் ஓடும் ரத்தமும். அவை வெப்பத்தை உறிஞ்சித் துணியைக் குளிரச் செய்வதால், தீ பரவத் தேவையான சூட்டைத் துணி எட்டுவது கடினமாகிறது. தோல் சுடும், உண்மைதான். சுட்டதும் குழந்தை கத்தும், கையை உதறும். தளர்ந்த கவுனிலோ தீ பற்றியதே சில நொடிகள் கழித்துத்தான் குழந்தைக்குத் தெரியும். அந்தச் சில நொடிகள் போதும், தீ இடுப்பைத் தாண்டிவிடும்.

துணியின் எடையும் இதே அளவு முக்கியம். ஒரு தாளைக் கொளுத்தினால் பற்றிக்கொள்ளும். மூடிய நோட்டுப் புத்தகத்தின் அட்டையில் தீக்குச்சியை வைத்தால் கருகும், எளிதில் பற்றாது. பனியன் கம்பெனியில் இருப்பவர்களுக்கு ஜி.எஸ்.எம். என்றால் விளக்க வேண்டியதில்லை, ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் அது. எடை குறையக் குறையத் துணி வேகமாக எரியும். பூப்போல் லேசான வலைத்துணியும் ஷிபானும் இந்தக் கணக்கில் மோசமான இடத்தில் நிற்கின்றன. முரட்டு ஜீன்ஸ் நல்ல இடத்தில் நிற்கிறது.

"தீபாவளிக்குக் காட்டன் போடுங்கள்" என்று ஆண்டுதோறும் சொல்கிறார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் அரைகுறை. பஞ்சு நன்றாகவே எரியும். இதை நம் ஊர்த் துணிக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். துணி காட்டனா, பாலியெஸ்டர் கலந்ததா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்பது பழைய வழக்கம். பஞ்சு நூல் மஞ்சள் சுடரோடு எரியும், தாள் எரியும் வாடை வரும், கடைசியில் ஊதினால் பறக்கும் சாம்பல் மிஞ்சும். சுடர் அணைந்த பிறகும் நுனியில் செந்தணல் ஓடும். பாலியெஸ்டர் நூல் தீயைக் கண்டதும் சுருங்கி விலகும், உருகும், கரும்புகை விடும், ஆறியதும் நுனியில் கெட்டியான மணி உருண்டு நிற்கும். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை விட்டுத் தயங்கித் தயங்கி எரிந்து, தீயை எடுத்தால் பெரும்பாலும் அணைந்துவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இதையே எண்ணால் சொல்வார்கள். ஓர் இழை தொடர்ந்து எரிய, சுற்றியுள்ள காற்றில் குறைந்தது எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்பது அளவு. நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய 21 சதவீதம். பஞ்சுக்குச் சுமார் 18 போதும். பாலியெஸ்டருக்கு 20, 21. கம்பளிக்கு 25 வேண்டும், அதனால்தான் அது நம் காற்றில் அடம்பிடிக்கிறது. பஞ்சு அபாயகரமாக எரிவதற்கும் பாலியெஸ்டர் அபாயகரமாக எரிவதற்கும் வேறுபாடு உண்டு. பஞ்சு உருகாது, தோலில் ஒட்டாது, கிழித்தெறிய முடியும். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரியில் உருகிச் சொட்டும். சொட்டியது தோலில் ஒட்டிக்கொண்டு அங்கேயே சுட்டுக்கொண்டிருக்கும். தனிப் பாலியெஸ்டரில் சில நேரம் எரியும் பகுதி உருகி விழுந்துவிட, மீதித் துணி தப்பிக்கும்.

இரண்டும் கலந்தால் என்ன ஆகும்? நடுத்தரமாக எரியும் என்றுதான் நினைப்போம். அப்படி இல்லை. கலப்புத் துணியில் பஞ்சு கருகி ஒரு கரிச் சட்டமாக நிற்கிறது. உருகிய பாலியெஸ்டர் கீழே சொட்ட முடியாமல் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. திரியில் எண்ணெய் ஏறி எரிவதுபோல் அது நின்று எரிகிறது. தீ ஆய்வாளர்கள் இதைச் சாரம் கட்டிய விளைவு என்பார்கள். கட்டிடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல் பஞ்சு, பாலியெஸ்டரைத் தாங்கிப் பிடித்து எரிய வைக்கிறது. கடையில் "மிக்ஸிங்" என்று சொல்லி விற்கும் துணியைத் தீபாவளி மாலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டுப் பாவாடை என்று நம்பி எடுப்பதிலும் கவனம் வேண்டும். உண்மையான பட்டு தீக்குக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ஆர்ட் சில்க் பட்டே இல்லை, ரேயானோ பாலியெஸ்டரோதான்.

இன்னொரு துணியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது திருப்பூரின் சொந்தச் சரக்கு: ஃப்ளீஸ். பின்னிய துணியின் உட்பக்கத்தை முள் உருளையில் உரசிப் பஞ்சை எழுப்புவார்கள். குளிருக்கு இதமாக இருப்பது அந்தப் பஞ்சுக்குள் சிக்கிய காற்றால். அதே காற்றுதான் தீக்கு ஆக்சிஜன். எழும்பி நிற்கும் மெல்லிய இழைகளின் மேல் தீ ஒரு நொடியில் பளிச்சென்று ஓடிவிடும். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் ஏழைகள் கம்பளி வாங்க முடியாமல் குழந்தைகளுக்கு இப்படிப் பஞ்சு எழுப்பிய ஃபிளானலெட் துணியில் இரவு உடை தைத்துப் போட்டார்கள். கணப்படுப்பின் முன்னால் நின்ற குழந்தைகள் பலர் எரிந்து இறந்தார்கள். மான்செஸ்டரில் வேதியியல் பேராசிரியராக இருந்த வில்லியம் ஹென்றி பெர்க்கின், முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பெர்க்கினின் மகன், பல ஆண்டு சோதித்து வெள்ளீய உப்பை இழைக்குள் படியவைத்துத் தீயைத் தடுக்கும் முறையைக் கண்டார். சாயத்தில் வாழும் திருப்பூர், தந்தையை அறியும். மகனையும் அறிய வேண்டும்.

இனி தீபாவளி மாலைக்கு வருவோம்.

கம்பி மத்தாப்பின் பொறி ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடானது. கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான். ஆனாலும் மத்தாப்புப் பொறி கையில் விழுந்தால் சுருக்கென்று ஒரு கணம் உறுத்திவிட்டுப் போய்விடுகிறது, கொதிநீர் ஒரு டம்ளர் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது. வெப்பநிலை வேறு, வெப்பம் வேறு என்று பள்ளிப் பாடத்தில் படித்ததன் பொருள் இதுதான். பொறி என்பது எரியும் ஓர் உலோகத் துகள், மணலைவிடச் சிறியது. அது எவ்வளவு சூடாக இருந்தாலும் அதனிடம் கொடுப்பதற்கு அதிகம் இல்லை. தடித்த தோல் அதை வாங்கித் தாங்கிக்கொள்ளும். வலைத்துணியின் ஒரு நூலோ அந்தத் துகள் அளவுக்கே மெலிந்தது, அதனால் தாங்காது. புது கவுனில் பொத்தல் பொத்தலாக விழுவதும், சில நேரம் பற்றிக்கொள்வதும் அதனால்தான்.

மத்தாப்பில் உண்மையான ஆபத்து அது அணைந்த பிறகுதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. இரும்பு சுமார் 525 டிகிரியைத் தாண்டினால்தான் இருட்டில் நம் கண்ணுக்குச் செம்மையாகத் தெரியத் தொடங்கும். ஜான் டிரேப்பர் என்பவர் 1847இல் கண்ட எல்லை அது. அதற்குக் கீழே 400 டிகிரியில் இருக்கும் கம்பியும், நன்றாக ஆறிவிட்ட கம்பியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். எரிந்த கம்பியைப் பிள்ளை வாசலில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்க ஓடுகிறது. பின்னால் வரும் தம்பி வெறுங்காலோடு அதன்மேல் மிதிக்கிறான். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, எரிந்த கம்பி அதற்குள்தான் விழ வேண்டும் என்று பழக்கிவிட்டால் போதும். கம்பி விழும்போது வரும் "சொய்ங்" சத்தத்துக்காகவே பிள்ளைகள் ஆசையாகப் போடுவார்கள்.

பஞ்சு ஊருக்கென்று தனியாக ஓர் ஆபத்து உண்டு. பவர்டேபிள் என்னும் மின் தையல் மேசை வைத்திருக்கும் வீடுகளில் மொட்டை மாடியிலும் மாடிப்படிக்கு அடியிலும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் கிடக்கும். பிசிறு வெட்டும் வீட்டில் நூல் குப்பை ஒரு மூலையில் குவிந்திருக்கும். இரவு ஏழரைக்கு எங்கிருந்தோ வந்த ராக்கெட் ஒன்று மாடி மூட்டையில் விழுகிறது. யாரும் பார்க்கவில்லை. தீயும் தெரியவில்லை. குவிந்த பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு. சுடர் இல்லாமல், உள்ளுக்குள்ளேயே கனன்று எரியும். இழைகளுக்கு நடுவே இருக்கும் காற்றே அதற்குப் போதும். பஞ்சு பேல் கட்டும்போது உள்ளே மாட்டிக்கொண்ட ஒரு பொறி நாள்கணக்கில் கனன்றுகொண்டே பயணம் செய்து, பேலைப் பிரித்ததும் சுடராக வெடிப்பதை மில்காரர்கள் அறிவார்கள். ஏழரைக்கு விழுந்த பொறி விடிகாலை மூன்று மணிக்குச் சுடராகலாம். அதற்குள் வீட்டார் உறங்கியிருப்பார்கள். கனலும் பஞ்சு வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உறங்குபவரை அது எழுப்பாது.

2023 ஜூன் 23 இரவு திருப்பூர் காதர்பேட்டை பனியன் பஜாரில் தீப்பிடித்தபோது சுமார் ஐம்பது கடைகள் எரிந்து போயின. அது பண்டிகை நாள் அல்ல. ஆனால் துணி அடுக்கிய இடத்தில் தீ எவ்வளவு வேகமாகப் பக்கத்துக் கடைக்குத் தாவும் என்று ஊரே பார்த்தது. 2025 ஜூலையில் கல்லூரிச் சாலை அருகே சமையல் எரிவாயு சிலிண்டர்கள் வெடித்து, வெளியூர்த் தொழிலாளர்கள் குடியிருந்த நாற்பதுக்கும் மேற்பட்ட தகரக் கொட்டகைகள் சாம்பலாயின. தீபாவளிக்குப் போனஸ் வாங்கிக்கொண்டு தேனிக்கும் திண்டுக்கல்லுக்கும் பாதி ஊர் கிளம்பிப் போய்விடும். பூட்டிய வீடுகளும், ஊருக்குப் போக முடியாத ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் நெருக்கமான வரிசை வீடுகளும் மிஞ்சும். கிளம்புகிறவர்கள் சாமி விளக்கை எரியவிட்டுப் பூட்டாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். மாடியில் கிடக்கும் வேஸ்ட் மூட்டையைக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே வேஸ்ட் கடைக்குப் போட்டுவிடுங்கள், முடியாவிட்டால் உள்ளே இறக்கிவையுங்கள். பக்கத்து வீட்டில் இருப்பவரிடம் ஒரு சாவி இருக்கட்டும்.

பட்டாசைப் பற்றிப் பேசும்போது திருப்பூரின் பாண்டியன் நகரை என்னால் கடந்து போக முடியவில்லை. 2024 அக்டோபர் 8ஆம் தேதி, அங்கே குடியிருப்புக்கு நடுவே ஒரு வீட்டில் கோயில் திருவிழாவுக்காக அனுமதியின்றி நாட்டு வெடி தயாரித்தபோது வெடித்தது. ஒன்பது மாதக் குழந்தையும் இறந்தது. அக்கம்பக்கத்து வீடுகள் நொறுங்கின. வெடிமருந்துக்கும் மற்ற எரிபொருளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை எல்லோரும் அறிய வேண்டும். விறகும் துணியும் எரியக் காற்றிலிருந்து ஆக்சிஜன் வாங்க வேண்டும். போர்வை போட்டு மூடினால் அணையும். வெடிமருந்தோ தன் ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வெடியுப்பு வடிவில் வைத்திருக்கிறது. மூடினால் அணையாது, அடைபட்டு இன்னும் வேகமாக வெடிக்கும். உராய்வும் ஒரு தட்டுமே சில கலவைகளுக்குப் போதும். குளோரேட் உப்போடு கந்தகம் கலப்பதை 1992இலேயே இந்தியா தடை செய்தது அதனால்தான். வெடிக்காத பட்டாசுகளைச் சேர்த்துப் பிரித்து மருந்தைக் கொட்டிக் கொளுத்துவது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. நம் தலைமுறையும் செய்தது. இனி ஒரு பிள்ளையும் செய்யக்கூடாது. வெடிக்காததைக் குனிந்து பார்க்காமல், நேரம் விட்டு, தள்ளி நின்று தண்ணீர் ஊற்றிவிடுவதே சரி. வாங்கி வந்த பட்டாசு, சமையலறைக்கும் சாமி விளக்குக்கும் துணி மூட்டைக்கும் தொலைவில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் காலை ஆறு முதல் ஏழு வரையும் இரவு ஏழு முதல் எட்டு வரையும் வெடிக்கலாம் என்பது 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த ஏற்பாடு. மாசைக் குறைக்க வந்த விதி இது. அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் ஒரு பெரியவர் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் வாசலிலேயே நிற்பதென்று முடிவு செய்தால் பாதுகாப்புக்கும் அதுவே உதவும்.

சமையலறைக்கு ஒரே ஒரு வார்த்தை. முறுக்குச் சுடும் எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்க்கு அடியில் போகும் தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து எழுநூறு மடங்கு விரியும், எரியும் எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். அடுப்பை அணைத்துத் தட்டு போட்டு மூடி, ஆறும்வரை தொடாமல் விடுங்கள்.

உடையில் தீப்பற்றினால் குழந்தை ஓடும். ஓடுவது இயல்பு, ஓடினால் காற்று கூடும், நிமிர்ந்திருப்பதால் தீ முகத்துக்கு ஏறும். தீக்குச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுக்க வைத்த கணமே தீயின் ஏணி சாய்ந்துவிடுகிறது. உருட்டினால் தரைக்கும் உடலுக்கும் நடுவே அது மூச்சு முட்டி அணைகிறது. தடித்த பருத்திப் போர்வையோ சாக்கோ போர்த்தலாம், பக்கத்தில் வாளித் தண்ணீர் இருந்தால் ஊற்றலாம். நைலான், பாலியெஸ்டர் போர்வை கூடாது. "நில், படு, உருள்" என்று தீபாவளிக்கு முந்தைய நாள் விளையாட்டாக மூன்று முறை செய்ய வைத்தால் பிள்ளையின் உடம்புக்கே அது நினைவிருக்கும்.

அணைந்த பிறகும் புண் ஆழமாகிக்கொண்டே போகும். 1947இல் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் தோல் எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரத்தில் வேகும் என்று அளந்தார்கள். 44 டிகிரியில் ஆறு மணி நேரம் ஆகும். 60 டிகிரியில் சுமார் ஐந்து நொடி. 70 டிகிரியில் ஒரு நொடி. சூடு திசுவுக்குள் தங்கியிருக்கும் ஒவ்வொரு நொடியும் சேதம் தொடர்கிறது. அந்தச் சூட்டை வெளியே எடுப்பது ஒன்றே முதலுதவி. குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் முழுசாக இருபது நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், இருபது நிமிடம் நினைப்பதைவிட நீளமானது. உடனே முடியாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. பெரிய புண் என்றால், சின்னக் குழந்தை என்றால், உடல் நடுங்காமல் மற்ற பகுதியைப் போர்த்திக்கொள்ளுங்கள். ஐஸ் வேண்டாம், அது ரத்த ஓட்டத்தைச் சுருக்கிப் புண்ணை ஆழமாக்கும். பற்பசை, மை, மாவு, நெய் எதுவும் வேண்டாம், அவை சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். வளையல், கொலுசு, மோதிரத்தை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். உருகி ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல், அழுத்தாமல், நேராகக் கண் மருத்துவமனைக்குப் போங்கள். தீக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

அத்தை அந்த ஆண்டு ஒரு காரியம் செய்தார். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் பேத்திக்கு ரோஜா கவுனைப் போட்டுவிட்டு, கோயிலுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் கூட்டிப் போனார். மாலை மத்தாப்பு நேரத்துக்குக் கவுனைக் கழற்றி மாட்டிவிட்டு, ஜீன்சும் நம்ம ஊர் டி-ஷர்ட்டும் செருப்பும் போட்டுவிட்டார், பின்னலைத் தூக்கிக் கட்டினார். தன் முந்தானையையும் இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டார். குழந்தை சிணுங்கியது. "அளகா கவுனு கருகிப் போச்சுன்னா அளுவியே கண்ணு" என்று சமாதானம் சொன்னார்.

திருப்பூர்க் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமெரிக்க பையர் கேட்டால் ஆங்கிலத்தில் அடிக்கிறீர்கள், ஐரோப்பிய பையர் கேட்டால் நான்கைந்து மொழியில் அடிக்கிறீர்கள். உள்ளூர்க் கடைக்குப் போகும் குழந்தை உடையின் கழுத்திலும் தமிழில் ஒரு வரி சேருங்கள்: தீக்கு அருகே அணிய வேண்டாம். லேபிளில் அதற்கு இடம் இருக்கிறது.